மரத்தில் ஒரு மடவை

நேயர்களுக்கு வணக்கம்.

வீட்டில் மீன் ஆய்கிறவர்கள் இதைப் பார்த்திருப்பீர்கள். செவுளுக்குப் பின்னால் தொடங்கி வால்வரைக்கும் உடம்பின் பக்கவாட்டில் மெல்லிய கோடு ஒன்று ஓடும். அந்தக் கோடு நெடுகச் சின்னச் சின்னத் துளைகள். தண்ணீர் எங்கே அசைகிறது, எவ்வளவு வேகமாக அசைகிறது என்பதை மீன் அதன் வழியாகத்தான் தெரிந்துகொள்கிறது. கலங்கிய தண்ணீரில், நடு ராத்திரியில், கண்ணுக்கு எதுவும் புலப்படாத இடத்திலும், பக்கத்தில் ஒரு மடவைக் குஞ்சு வாலை ஆட்டினால் கொடுவாவுக்குத் தெரிந்துவிடும். இந்தக் கோட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய பேச்சு முழுவதும் அதைச் சுற்றித்தான்.

நான் பேச வந்தது மரத்தில் பொய்மீன் செய்வதைப் பற்றி. தூண்டில் கடையில் லூர் என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். அதிலும் நடுவில் அறுத்து இரண்டு துண்டாக்கி, மறுபடி கம்பி வளையங்களால் கோத்து, வால் தனியாக ஆடும்படி செய்கிற வகை. பிளாஸ்டிக்கில் அழகழகாகக் கிடைக்கிறதே, எதற்கு மரத்தோடு மெனக்கெட வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. கேட்கட்டும். பாறையில் மாட்டி, தூண்டில் நரம்பு அறுந்து, கடையில் வாங்கிய விலை மொத்தமும் தண்ணீருக்குள் போன மறுநாள் அவர்களும் மரப்பட்டறைப் பக்கம் வருவார்கள்.

சென்னைக்குத் தெற்கே முட்டுக்காடு, கோவளம் பக்கத்துக் கழிமுகத்தில்தான் நான் தூண்டில் போடுவது. அங்கே வருகிற எல்லோருக்கும் கனவு மீன் கொடுவாதான். கொடுவாவைப் பற்றி ஒரு செய்தி சொல்லாமல் என்னால் நகர முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள். அது முதலில் ஆணாக வளர்கிறது, சில வருடம் கழித்துப் பெண்ணாக மாறுகிறது. அதனால் பெரிய கொடுவா கிடைத்தால் அது பெரும்பாலும் பெண்தான். இந்த மீனை அடைப்பில் வளர்த்து, முட்டையிட வைத்து, குஞ்சு பொரிக்கச் செய்வதில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997இல் வெற்றி கண்டது. அவர்களுடைய ஆய்வுப் பண்ணை எங்கள் முட்டுக்காட்டில்தான் இருக்கிறது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

கொடுவா ரொம்ப தூரம் துரத்திப் போய் இரை பிடிக்கிற மீன் இல்லை. பாலத்தின் தூண், பாறை, கவிந்த மரம், இப்படி ஏதாவது ஒன்றின் மறைவில் நிற்கும். ஓதம் இறங்கும்போது தண்ணீரோடு மடவைக் குஞ்சுகள் கூட்டமாக வரும். அந்தக் கூட்டத்தில் எது சரியாக நீந்தவில்லையோ, எது ஒரு பக்கமாகச் சாய்ந்து தடுமாறுகிறதோ, அது பக்கத்தில் வந்ததும் வாயைத் திறக்கும். திறந்த வேகத்தில் தண்ணீரும் இரையும் சேர்ந்தே உள்ளே போய்விடும். கரையில் நிற்கிற நமக்கு ‘பொப்’ என்று சத்தம் கேட்கும்.

தடுமாறுகிற மீனைத்தான் பெரிய மீன் தேர்ந்தெடுக்கிறது என்பதைக் கவனித்து உலகப் புகழ் பெற்றவர் ஒருவர் உண்டு. இந்தக் கதை எனக்கு மிகவும் பிடித்தது. பின்லாந்து நாட்டு மீனவர் லவுரி ரபாலா. 1905இல் பிறந்தவர், வசதியில்லாத குடும்பம். பையான்னே என்கிற பெரிய ஏரியில் படகு வலித்து மீன் பிடித்து வயிறு வளர்த்தார். தூண்டிலில் இரை மீன்களைக் கோத்துக் கோத்தே பொழுது போய்விடுகிறது என்று, படகில் உட்கார்ந்தபடியே தண்ணீருக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். சின்ன மீன் கூட்டத்துக்குள் பெரிய மீன் பாய்கிறபோது, நன்றாக நீந்துகிற நூறு மீனை விட்டுவிட்டு, காயம்பட்டு ஆடி ஆடிப் போகிற ஒன்றைக் குறிவைப்பது அவர் கண்ணில் பட்டது. 1936இல் செருப்புத் தைக்கிற கத்தியால் தக்கைக் கட்டையைச் செதுக்கி முதல் பொய்மீனைச் செய்தார். மேலே ஒட்டியது சாக்லேட் சுற்றி வருகிற வெள்ளித்தாள். வார்னிஷ் வாங்க வழியில்லை, அதனால் பழைய போட்டோ நெகட்டிவ்களை உருக்கிப் பூசினார். கையில் என்ன இருந்ததோ அதை வைத்துச் செய்திருக்கிறார் பாருங்கள்.

கதை அதோடு முடியவில்லை. 1962 ஆகஸ்டில் அமெரிக்காவின் லைஃப் பத்திரிகை அவருடைய பொய்மீனைப் பற்றி ஒரு கட்டுரை போட்டது. அதே இதழின் அட்டையில் மர்லின் மன்றோ. அவர் இறந்த சில நாட்களில் வந்த இதழ் அது, பரபரப்பாக விற்றது. நடிகைக்காக வாங்கியவர்கள் பக்கத்தைப் புரட்டிப் பின்லாந்துக்காரரின் மரமீனையும் பார்த்தார்கள், ஆர்டர்கள் குவிந்தன. ஏரிக்கரையில் கத்தியோடு உட்கார்ந்திருந்த மனிதர் இதை நினைத்துப் பார்த்திருப்பாரா?

ரபாலா செய்த முதல் மீனில் மூட்டு கிடையாது, ஒரே கட்டைதான். மூட்டு வைத்த மரமீன்கள் அதற்கும் முன்னால், 1920களிலேயே அமெரிக்காவில் விற்பனைக்கு வந்துவிட்டன. இண்டியானா மாநிலத்தின் காரெட் ஊரில் இருந்த கிரீக் சப் கம்பெனியுடையவை அவற்றில் பெயர்பெற்றவை. ஒரே கட்டையைத் தடுமாற வைப்பதற்குச் செதுக்கலில் மிகுந்த நுணுக்கம் வேண்டும். மூட்டு இருந்தால் மெதுவாக இழுத்தாலும் வால் ஆடும், அந்த அசைவைத்தான் முதலில் சொன்ன பக்கவாட்டுக் கோடு கொடுவாவுக்குச் சொல்லும். கொடுவாவுக்கு மெதுவாக இழுப்பதுதான் சரி. அதனால்தான் நான் மூட்டைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறேன்.

வானொலியில் எதையும் காட்ட முடியாது. ஆகவே உங்கள் கையையே நீட்டுங்கள். கட்டைவிரல் மேலே இருக்கட்டும், மற்ற நான்கு விரல்களும் சேர்ந்து நேராக இருக்கட்டும். உள்ளங்கைதான் மீனின் தலைப்பாதி, விரல்கள் வால்பாதி. இப்போது விரல்களை உள்பக்கமாக மடக்குங்கள். வால் ஒரு பக்கம் போகிறது. வெளிப்பக்கம் மடங்காது. மரமீனில் இரண்டு பக்கமும் அதே அளவு மடங்க வேண்டும். ஆனால் மேலும் கீழும் தொங்கக் கூடாது, முறுக்கிக்கொள்ளவும் கூடாது. மூட்டில் இருக்கிற வேலை இவ்வளவுதான்.

இதற்கு மரம் எது? முள்முருங்கை, பால்சா போன்றவை இலேசானவை, கத்தி சுலபமாக இறங்கும். ஆனால் திருகு பிடிக்காது. பெரிய மீன் ஒன்று உதறினால் வளையம் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். எனக்குத் தேக்குதான். புதுத் தேக்கு வாங்கச் சொல்லவில்லை. கதவு, ஜன்னல் செய்கிற பட்டறையில் மிஞ்சுகிற துண்டு போதும். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு, ஒட்டுவதற்கு முன்பு தின்னரால் துடைத்துவிட்டால் பசை நன்றாகப் பிடிக்கும்.

அந்தப் பட்டறை என்றதும் எனக்கு அங்கிருந்த ஆசாரி நினைவுக்கு வருகிறார். வயதில் பெரியவர், கைவேலையில் சுத்தக்காரர். நான் பொய்மீன் செய்கிறேன் என்று தெரிந்ததும், “தம்பி, மூட்டை என்கிட்ட விடுங்க” என்றார். தலைத் துண்டில் காடி, அதாவது நீளப் பள்ளம் எடுத்து, வால் துண்டில் நாக்கு செதுக்கி, நாக்கைக் காடிக்குள் விட்டுக் குறுக்கே ஒரு ஊசி அடித்தார். காகிதம்கூட நுழையாது, அப்படி ஒரு பொருத்தம். கையில் வைத்து ஆட்டினால் வழுக்கிக்கொண்டு ஆடும். தண்ணீர்த் தொட்டியில் போட்டோம். டீ குடித்துவிட்டு வந்து எடுத்தால் வால் அசையவில்லை. மரம் தண்ணீரைக் குடித்தால் நாரின் போக்கில் நீளாது, குறுக்கே உப்பும். நாக்கு காடிக்குள் உப்பிக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் நாக்கைச் சீவினார், இன்னும் சீவினார். லொடலொடவென்று ஆட ஆரம்பித்ததும், “இதை நான் செஞ்சேன்னு யார்கிட்டயும் சொல்லாதீங்க” என்றார். சொல்லவில்லை, பெயரைச் சொல்லவில்லை. அந்த லொடலொட மீன்தான் தண்ணீரில் வாலை வீசிக்கொண்டு போனது.

நல்ல தச்சனுக்கு இடைவெளி என்றாலே ஆகாது. இங்கே இடைவெளிதான் வேலை செய்கிறது. நான் நாக்கு, காடி எதுவும் வைப்பதில்லை. தலைத் துண்டின் பின்பக்கத்தைச் சமமாக அறுத்துவிடுகிறேன். வால் துண்டின் முன்பக்கத்தை இரு புறமும் சரித்துச் சீவி, நடுவில் செங்குத்தாக ஒரு முனை வரும்படி செய்கிறேன். அந்தச் சரிவு எவ்வளவோ அவ்வளவுதான் வால் திரும்பும். ஒவ்வொரு பக்கமும் முப்பது டிகிரி சரிவு எனக்குத் திருப்தி. பிறகு எவர்சில்வர் கம்பியை ஓர் ஆணியைச் சுற்றி வளைத்து வளையம் செய்து, தலையில் மேலே ஒன்று, கீழே ஒன்று, வாலிலும் அதேபோல் இரண்டு. மேல் வளையம் மேல் வளையத்தோடு, கீழ் வளையம் கீழ் வளையத்தோடு கோக்க வேண்டும். ஒரு ஜோடி மட்டும் வைத்தால் வால் முறுக்கிக்கொள்ளும், அதனால் இரண்டு ஜோடி. இரும்புக் கம்பி வேண்டாம், உப்புத் தண்ணீரில் துருப்பிடித்து நாசமாகிவிடும். இரண்டு துண்டுக்கும் நடுவே இரண்டு மில்லிமீட்டர் இடம் விடுங்கள். திரும்பவும் சொல்கிறேன், இடம் விடுங்கள். கம்பி வளையங்கள் ஒன்றையொன்று தட்டி மெல்லச் சத்தம் போடும், அதுவும் லாபம்தான். காற்றில் போவதைவிட நான்கு மடங்குக்கும் மேலான வேகத்தில் தண்ணீரில் சத்தம் போகும்.

அடுத்தது எடை. இதில் கொஞ்சம் கணக்கு இருக்கிறது, பயப்பட வேண்டாம். பன்னிரண்டு சென்டிமீட்டர் நீளத்தில் செதுக்கிய மீனின் கன அளவு ஏறக்குறைய 30 கன சென்டிமீட்டர் என்று வையுங்கள். முழுவதும் மூழ்கினால் அது 30 கிராம் நல்ல தண்ணீரைத் தள்ளும். மரம் மட்டும் 20 கிராம் சுமார், தூண்டில் முள்ளும் வளையங்களும் ஐந்து கிராம். ஆக ஐந்து கிராம் ஈயம் வரை வைக்கலாம். அதைத் தாண்டினால் மூழ்கிவிடும். நான் ஒரு கிராம் குறைவாக வைப்பேன், இழுப்பதை நிறுத்தினால் மெல்ல மேலே வரும். கடல் தண்ணீர் இன்னும் கொஞ்சம் தாங்கும், இந்த அளவு மீனுக்கு முக்கால் கிராம்தான் வித்தியாசம். ஈயம் தலைத் துண்டின் வயிற்றில், எவ்வளவு கீழே முடியுமோ அவ்வளவு கீழே. வாலில் வைக்கவே கூடாது, வாலில் வைத்தால் ஆட்டம் செத்துவிடும். வாளித் தண்ணீரில் முள்ளோடு மிதக்கவிட்டுப் பார்த்த பிறகுதான் பசை போட்டு மூட வேண்டும். ஈயத்தைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள், சமையலறையில் உருக்கும் வேலை வேண்டாம். கடையில் கிடைக்கிற ஈயக்குண்டையே நறுக்கி வைக்கலாம்.

தாடைக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் தகடு, அதுதான் மீனைத் தண்ணீருக்குள் இறக்குவது. இதற்குப் பழைய சிடி அருமையான பொருள். பாலிகார்பனேட், 1.2 மில்லிமீட்டர் தடிமன், கத்தரிக்கும்போது விரிசல் விடாமல் வெந்நீரில் போட்டு எடுத்து வெட்டுங்கள். இந்த நிலையத்தில் அலமாரி அலமாரியாக இருக்கிறது, கேட்டுப் பார்த்தேன், சிரித்துக்கொண்டே போய்விட்டார்கள். தகட்டை மீனின் உடம்போடு ஒட்டி நேராக நீட்டினால் ஆழமாகப் போகும். கீழ்நோக்கிச் செங்குத்தாக வைத்தால் மேல்மட்டத்தில் அதிகம் ஆடிக்கொண்டு வரும். கழிமுகத்தில் ஆழம் குறைவு, அதனால் எனக்குச் செங்குத்துதான் பிடிக்கும். நரம்பு கட்டுகிற முன்வளையம் கொஞ்சம் கோணினாலும் மீன் ஒரு பக்கமாக ஓடும். வலப்பக்கம் ஓடினால் வளையத்தை இடப்பக்கம் துளி நெம்புங்கள். துளிதான், ஒரே நெம்பாக நெம்பிவிடாதீர்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு விரலைக் காட்டுகிறார்கள். இரண்டு நிமிடம் இருக்கிறது என்று அர்த்தம். வண்ணம் பூசுவதற்குத் தனியாக நேரம் ஒதுக்கி வைத்திருந்தேன். பரவாயில்லை, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். முதலில் மரத்தை அடைக்க வேண்டும். அறுத்த முகப்பு, துளை, மூட்டின் உள்பக்கம், இங்கேதான் தண்ணீர் அதிகம் ஏறும். அங்கெல்லாம் சூப்பர் குளூ தடவிக் காயவிட்டு, மேலே இரண்டு கை வார்னிஷ். முதுகு கறுப்போ கரும்பச்சையோ, வயிறு வெள்ளை. மடவை அப்படித்தான் இருக்கும். கண்ணைக் கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள். வீட்டில் பழைய நகப்பூச்சு இருந்தால் அதுவே போதும். இரண்டு துண்டையும் தனித்தனியாகப் பூசிக் காய்ந்த பிறகு கோத்துக்கொள்ளுங்கள், கோத்துவிட்டுப் பூசினால் இடைவெளியில் வண்ணம் தங்கி மூட்டு ஒட்டிக்கொள்ளும்.

முள் பற்றியும் ஒரு வார்த்தை. மூன்று முனை முள் இரண்டு, ஒன்று தலைத் துண்டின் வயிற்றில், ஒன்று வால் நுனியில். இரண்டும் ஒன்றோடொன்று சிக்காத தூரம் வேண்டும். பிடித்த மீனைத் திரும்ப விடுகிற எண்ணம் இருந்தால், முள்ளின் நுனிக்குப் பின்னால் எதிர்த்து நிற்கிற சின்ன முள்ளைக் குறட்டால் அழுத்தி மடக்கிவிடுங்கள். தொட்டியில் ஆட்டம் பார்க்கும்போது முள் மாட்டவே வேண்டாம், அதே எடைக்கு ஈயக்குண்டைத் தொங்கவிட்டுப் பாருங்கள், வீட்டில் குழந்தைகள் இருப்பார்கள். ஒரு விரலைக் காட்டுகிறார்கள். நன்றி, வணக்கம்.