ஊர்ச் செய்தி எங்கே கிடைக்கும்?

நேயர்களுக்கு வணக்கம். உங்கள் ஊர்ச் செய்திகளைப் பற்றி ஒரு பத்து நிமிடம் பேசுங்கள் என்று நிலையத்தார் கூப்பிட்டபோது, எங்கள் ஊரில் என்ன சார் செய்தி இருக்கப்போகிறது என்று சிரித்துவிட்டேன். அன்றைக்குச் சாயந்தரம் வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் உறைத்தது. தெருமுனையில் யாரோ பள்ளம் தோண்டி மூடாமல் போயிருந்தார்கள். சுற்றிலும் சிவப்பும் வெள்ளையுமாக ஒரு நாடா, அதன் ஒரு முனை அவிழ்ந்து முருங்கைக் கிளையில் மாட்டிக்கொண்டு ஆடுகிறது. யார் தோண்டியது என்று விசாரித்தால் அயர்ன் வண்டிக்காரர் தண்ணீர்க் குழாய் என்கிறார், எதிர்வீட்டு மாமி கேபிள் என்கிறார், மளிகைக் கடை அண்ணாச்சி 'எல்லாம் தோண்டுறவங்கதான், மூடுறவங்க யாருன்னு கேளுங்க' என்கிறார். இதை எந்தப் பேப்பரும் போடாது. ஆனால் ராத்திரி பத்து மணிக்கு ஸ்கூட்டரில் அந்தத் திருப்பத்தில் வருகிறவருக்கு டில்லிச் செய்தியைவிட இதுதான் அவசரம்.

என் ஊர்ப் பெயரைச் சொல்லப்போவதில்லை, சொன்னால் நாளைக் காலையில் கவுன்சிலர் வீட்டு வாசலில் நிற்பார். சென்னைக்கு வெளியே மின்சார ரயில் போகிற தடத்தில் ஒரு ஊர், முன்பு பேரூராட்சி, இப்போது ஒரு பெரிய மாநகராட்சியின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவு போதும். பேரூராட்சியாக இருந்தபோது அலுவலகத்து வாசலில் ஒரு கரும்பலகை இருக்கும். எந்தத் தெருவுக்கு எந்தக் கிழமை தண்ணீர், வரி கட்டக் கடைசித் தேதி என்ன, கொசு மருந்து என்றைக்கு, எல்லாம் சாக்பீஸில் எழுதியிருப்பார்கள். பாதி நாள் பழைய தேதிதான் இருக்கும், அது வேறு விஷயம். காய்கறி வாங்கப் போகிற வழியில் ஒரு பார்வை பார்த்துவிட்டு வரலாம், சந்தேகம் என்றால் உள்ளே போய் எழுத்தரிடம் கேட்கலாம், அவரும் நம் ஊர்க்காரர்தான். இப்போது பலகை இல்லை. எல்லாம் ஆன்லைனில் இருக்கிறது என்கிறார்கள். இருக்கலாம், எண்பது வயது மாமிக்கு ஆன்லைன் எங்கே இருக்கிறது என்று யார் சொல்வது?

இது எங்கள் ஊர்க் கதை மட்டும் இல்லை. 2011-ல் சென்னை மாநகராட்சி விரிந்தபோது சுற்றியிருந்த 42 உள்ளாட்சிகள் அதில் கரைந்தன. 174 சதுர கிலோமீட்டராக இருந்தது 426 ஆனது. 2019-ல் ஆவடியும் 2021-ல் தாம்பரமும் தனி மாநகராட்சிகள் ஆயின. தாம்பரத்தில் மட்டும் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து 70 வார்டுகள். பம்மல், அனகாபுத்தூர், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், திருநீர்மலை என்று தனித்தனி அலுவலகம், தனித்தனித் தலைவர் என்று இருந்த ஊர்கள் இவை. இணைப்பால் நன்மை இல்லை என்று சொல்ல மாட்டேன். பாதாளச் சாக்கடை போடுகிற காசு ஒரு பேரூராட்சியிடம் என்றைக்கும் இருந்ததில்லை. ஆனால் ஊர் பெரிதாகும்போது ஊர்ச் செய்தி சின்னதாகிவிடுகிறது, இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

சிட்லபாக்கம் ஏரியைச் சொல்கிறேன், பலருக்கும் தெரிந்த கதைதான். 80 ஏக்கருக்கு மேல் இருந்த ஏரி ஏறக்குறைய பாதியாகச் சுருங்கி, ஒரு பக்கம் கழிவுநீர், ஒரு பக்கம் கரையோரக் குப்பை மலை என்று கிடந்தது. 2019 கோடையில் சென்னை தண்ணீருக்கு அலைந்ததே ஞாபகம் இருக்கிறதா? அந்தச் சமயத்தில் வறண்ட ஏரிக்குள் ஊர்க்காரர்கள் இறங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கையுறை, மண்வெட்டி, கோணிப்பை. ஐடி கம்பெனிப் பையன்கள், ஓய்வு பெற்றவர்கள், குழந்தைகளைக் கூட்டிவந்த அம்மாக்கள். சீமைக் கருவேலத்தை வெட்டினார்கள், பிளாஸ்டிக்கைப் பொறுக்கினார்கள். அதற்கப்புறம்தான் அரசு 25 கோடி ரூபாய் அறிவித்தது.

எனக்கு இதில் சுவாரசியமாகப் படுவது ஏரி இல்லை, அந்த வருடம். 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது, நகர்ப்புறத் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19-ல். நடுவில் ஐந்து வருடத்துக்கும் மேல் தனி அலுவலர்கள் ஆட்சி. அதாவது 2019-ல் போய்ச் சண்டை போடுவதற்குக்கூட கவுன்சிலர் கிடையாது! கேட்க ஆள் இல்லாதபோதுதான் ஜனங்கள் தாங்களே ஏரியில் இறங்கினார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த ஏரி நிரம்பினால் உபரி நீர் செம்பாக்கம் ஏரிக்குப் போகும், அங்கிருந்து நன்மங்கலம், கடைசியில் பள்ளிக்கரணை சதுப்புநிலம். 2015 டிசம்பர் 1-ம் தேதி பெய்த மழையில் தாம்பரத்தில் மட்டும் 49 சென்டிமீட்டர் பதிவானது, அன்றைக்கு இந்தப் பக்கத்தில் ஏரியே இல்லை என்று நினைத்து வீடு வாங்கியவர்களுக்கெல்லாம் ஏரி எங்கே இருக்கிறது என்று தண்ணீரே வந்து காட்டியது. ஒரு ஊரின் கால்வாயில் அடைப்பு என்பது அடுத்த ஊரின் வெள்ளச் செய்தி. இதைத் தெரிந்துகொள்ள இஞ்சினியரிங் படிக்க வேண்டாம், ஒரு மழைக்காலம் இங்கே குடியிருந்தால் போதும்.

சரி, வரிக்கு வருவோம். 2022-ல் சொத்து வரியை உயர்த்தினார்கள். சென்னை தவிர்த்த மாநகராட்சிகளில் 600 சதுர அடிக்குள் இருக்கும் குடியிருப்புக்கு 25 சதவீதம், 1200 வரை 50, 1800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம். இது எல்லாருக்கும் தெரிந்தது, ஏனென்றால் எல்லாரும் கத்தினார்கள். தெரியாத செய்தி ஒன்று உண்டு. அரையாண்டு தொடங்கிய முதல் முப்பது நாளுக்குள், அதாவது ஏப்ரலிலோ அக்டோபரிலோ கட்டிவிட்டால் 5 சதவீதம் ஊக்கத்தொகை கழித்துக்கொள்ளலாம். எங்கள் குடியிருப்பில் பன்னிரண்டு வீடு, கேட்டுப் பார்த்தேன், இருவருக்குத்தான் தெரிந்திருந்தது. அதில் ஒருவர் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அவரைக் கணக்கில் சேர்க்கக்கூடாது.

கிராமத்துக்காரர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமை. ஊராட்சியில் வருடத்துக்கு ஆறு தடவை கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தேதியை மனப்பாடமாகச் சொல்வார்கள். எங்களைப் போன்ற பேரூராட்சிக்காரர்களுக்கு அப்படி எதுவும் இருந்ததில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஊராட்சி, அங்கே இருப்பவர் எழுந்து நின்று செலவுக் கணக்கு கேட்கலாம், இந்தப் பக்கம் நான் டீக்கடையில்தான் கேட்க வேண்டியிருந்தது. 2022-ல்தான் நகரங்களுக்கும் பகுதி சபை வந்தது. வார்டைச் சில பகுதிகளாகப் பிரித்துப் பகுதிக்கு ஒரு சபை, பகுதி உறுப்பினர்கள் சேர்ந்தால் வார்டு குழு, அதற்குக் கவுன்சிலர் தலைவர். அந்த வருடம் நவம்பர் 1-ம் தேதி பம்மலில் நடந்த கூட்டத்தில் முதலமைச்சரே கலந்துகொண்டார்.

எங்கள் வார்டில் நடந்த கூட்டம் ஒன்றுக்கு நானும் போனேன். பள்ளிக்கூடத்து வராந்தாவில் முப்பது பிளாஸ்டிக் நாற்காலி, வந்தவர்கள் பதினெட்டுப் பேர், அதில் ஐந்து பேர் அலுவலர்கள். வருகைப் பதிவேட்டில் கையெழுத்து, ஆளுக்கு ஒரு டீ, இரண்டு பிஸ்கட். குப்பையைப் பற்றி ஒருவர் கால் மணி நேரம் பேசினார், மட்கும் குப்பை மட்காத குப்பை என்று வீட்டில் பிரித்துக் கொடுக்கிறோம், வண்டியில் இரண்டையும் ஒன்றாகக் கொட்டுகிறார்கள் என்பது அவர் வாதம். நியாயம்தான். தூய்மைப் பணியாளர் ஒருவர் பின்னால் நின்றிருந்தார், வண்டியில் ஒரு தடுப்புத் தகடு போட்டுக் கொடுங்கள் சார், பிரிச்சுப் போடறோம் என்றார். அன்றைய கூட்டத்தில் உருப்படியான யோசனை அதுதான், ஆனால் நோட்டில் எழுதினார்களா என்று நான் கவனிக்கவில்லை, அது என் தப்பு.

அப்புறம் எதிர்வீட்டு மாமி எழுந்தார். கையில் ஒரு பழைய காலண்டர் தாள், பின்பக்கத்தில் பென்சிலில் குறித்து வைத்திருக்கிறார், எந்தெந்த தேதியில் தண்ணீர் வந்தது, எத்தனை மணிக்கு, எத்தனை குடம். நான்கு மாதக் கணக்கு. படிக்கட்டுமா என்று கேட்டார். கவுன்சிலர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் படிங்கம்மா என்றார். மாமி முதல் தேதியிலிருந்து ஆரம்பித்தார், ஒன்றையும் விடவில்லை. முடிப்பதற்குள் டீ ஆறிவிட்டது, யாரும் எழுந்து போகவில்லை.

அந்தத் தாளை அலுவலர் ஒருவர் செல்போனில் படம் எடுத்துக்கொண்டார். பள்ளத்தைப் பற்றிக் கேட்க நானும் கை தூக்கியிருந்தேன், நேரமாகிவிட்டது, அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்றார்கள். நாடா இன்னும் முருங்கைக் கிளையில்தான் ஆடிக்கொண்டிருக்கிறது. இந்த முறை நானும் ஒரு காலண்டர் தாள் எடுத்து வைத்திருக்கிறேன். வணக்கம்.