10 லட்சம் டாலர் மீன், ஆனால் ரோடு மூடியிருக்கிறது!

[திரையில்: கலங்கிய ஆறு, துள்ளும் பெரிய மீன்]

ஒரே ஒரு மீன். பிடித்தால் 10 லட்சம் ஆஸ்திரேலிய டாலர்! ஆஸ்திரேலியாவின் நார்தர்ன் டெரிட்டரியில் அடையாளச் சீட்டு மாட்டிய பாரமுண்டி மீன்களை ஆற்றில் விட்டு, நிஜமாகவே இப்படி ஒரு போட்டி நடத்துகிறார்கள். பாரமுண்டி வேறு ஏதோ அல்ல, காசிமேட்டில் ஐஸ் மேல் படுத்திருக்கும் நம் கொடுவாதான். சிக்கல் என்னவென்றால், போட்டி தொடங்குவது அக்டோபரில். அடுத்த மாதமே மழைக்காலம் வந்துவிடும். ஏப்ரல் வரை விடாது. உள்ளே போகும் மண் ரோடுகள் ஒவ்வொன்றாக மூடும்.

பின்னணி ஒரு வரியில்: நார்தர்ன் டெரிட்டரியின் தலைநகர் டார்வினில் ஆண்டுக்குச் சுமார் 1,700 மில்லிமீட்டர் மழை, அதில் பெரும்பகுதி இந்தச் சில மாதங்களில். அவ்வளவுதான், மீனுக்கு வருவோம்.

மழை ஓயும் மார்ச் முதல் மே வரை, வெள்ளக்காடாய்க் கிடந்த சமவெளி ஓடைகள் வழியாக ஆற்றில் வடியும். அங்கே இதை 'ரன் ஆஃப்' என்பார்கள். ஓடைத் தண்ணீர் தெளிவு, ஆற்றுத் தண்ணீர் கலங்கல். இரண்டும் சேரும் இடத்தில் கோடு போட்ட மாதிரி நிறம் மாறும். அடித்துவரப்படும் பொடிமீனுக்காகக் கொடுவா அந்தக் கோட்டோரம்தான் காத்திருக்கும். ஆக, மீன் கிடைக்கும் நாளும் ரோடு மூடியிருக்கும் நாளும் ஒன்று!

"மழை நின்று இரண்டு வாரம் ஆச்சே, இன்னும் ஏன் மூடி வைத்திருக்கிறார்கள்?" என்று கேட்பீர்கள். மேலே காய்ந்திருக்கும், அடியில் களிதான். நாலு ஜீப் போனால் முழங்கால் ஆழத்துக்குத் தடம் விழும், அது அப்படியே இறுகிவிடும். கிரேடர் வந்து சீராக்கும் வரை எல்லோருக்கும் தொல்லை. எனவே தடுப்பைச் சுற்றிப் போகிறவர்கள் என் கணக்கில் வீரர்கள் அல்ல. அபராதமும் உண்டு.

சரி, எனக்குப் பிடித்த இடத்துக்கு வந்துவிட்டோம். கேஹில்ஸ் கிராசிங்!

[திரையில்: தண்ணீர் வழியும் கான்கிரீட் பாதை]

காகடு தேசியப் பூங்காவுக்கும் பழங்குடியினர் நிலமான ஆர்னெம் லேண்டுக்கும் நடுவே, ஈஸ்ட் அலிகேட்டர் ஆற்றின் குறுக்கே தாழ்வாகப் போட்ட கான்கிரீட் பாதை. மழைக்காலத்தில் ஆற்றுக்குள்ளேயே இருக்கும். மழையில்லாத மாதங்களிலும் கடல் ஓதம் (கடல்நீர் ஏறி இறங்குவது) இந்தப் பாதை வரை ஏறி வரும். ஓதத்தோடு மடவை மீன் கூட்டம் வரும். மடவைக்காக உவர்நீர் முதலைகள் பாதையோரம் வரிசையில் வாயைத் திறந்து நிற்கும், பந்தியில் இலை போட்டபின் சோற்றுக்குக் காத்திருக்கும் கூட்டம் போல! ஜனங்கள் மேடையில் நின்று வேடிக்கை பார்ப்பார்கள்.

ஃபோர் வீல் டிரைவ் பாடத்தில் முதல் விதி என்ன? ஆற்றைக் கடக்கும் முன் இறங்கி நடந்து ஆழம் பார். இங்கே அதைச் செய்யாதீர்கள், தயவுசெய்து! ஆழம் காட்டும் கம்பத்தைப் பாருங்கள், ஓத நேரப் பட்டியலைப் பாருங்கள், தண்ணீர் இறங்கும் வரை கரையிலேயே இருங்கள். அவசரப்பட்ட வண்டிகளை ஆறு பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போவது அங்கே புதிய செய்தி இல்லை.

அப்போ எப்படித் திட்டமிடுவது? தேதியை முதலில் குறிக்காதீர்கள், இடத்தை இரண்டாகப் பிரியுங்கள். ரன் ஆஃப் நேரத்தில் தார் ரோட்டை ஒட்டிய ஆறுகள்: டேலி ரிவர், ஆர்னெம் ஹைவே பக்கம். அதுவும் வெள்ளத்தில் மூழ்கலாம், ஆனால் சீக்கிரம் திறக்கும். தார் ரோடு என்று இளக்காரம் வேண்டாம். 2024-இல் அந்த 10 லட்சத்தை வென்ற இளைஞர் மீன் பிடித்தது ஹைவே ஓரத்து ஊரான கேத்ரினில்! கிராசிங்கைத் தாண்டிய கோபர்க் தீபகற்பம் போன்ற தொலைவிடங்களை மே மாதத்துக்குப் பிறகு வையுங்கள். ஆர்னெம் லேண்டுக்குள் நுழைய முன்கூட்டியே பெர்மிட் வேண்டும், கடைசி நேரத்தில் கிடைக்காது.

புறப்படும் நாள் காலையிலும் அரசின் சாலை நிலவர இணையதளத்தைப் பாருங்கள். 'மூடல்' ஒரு வகை, 'ஃபோர் வீல் மட்டும்' இன்னொரு வகை. குழப்பிக்கொள்ள வேண்டாம். உபரி டீசல், உபரி நாட்கள், இரண்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், 55 சென்டிமீட்டருக்குக் குறைந்த கொடுவாவைத் திருப்பி விடவேண்டும் என்பது அங்கே சட்டம். மிகப் பெரியதையும் விட்டுவிடலாம் என்பது என் கருத்து. இந்த மீன் ஆணாக வளர்ந்து பிறகு பெண்ணாக மாறும். பெரிதெல்லாம் பெரும்பாலும் முட்டையிடும் பெண்தான்.

ரோடு திறக்கும் என்று ஒரு வாரம் காத்திருக்க உங்கள் ஆபீஸில் லீவு தருவார்களா? கமெண்டில் சொல்லுங்கள்.