கீழ கல்லு, மேல மரம்: சாமர்செட்ல ஒரு பழைய சத்திரம்

வணக்கம் மக்களே! காத்து பிச்சுக்கிட்டு அடிக்குது, மைக்ல இரைச்சல் வந்தா கொஞ்சம் பொறுத்துக்கோங்க. இங்கிலாந்துல, பாத் நகரத்துக்குத் தெக்க, நார்ட்டன் செயின்ட் பிலிப்ங்கிற கிராமத்துல நிக்கிறேன். எனக்குப் பின்னாடி தெரியுதுல்ல, அதான் ஜார்ஜ் இன்ங்கிற பழைய சத்திரம்.

ஒரு கேள்வி. இந்தக் கட்டடத்துல எது பழசு? மரச் சட்டமெல்லாம் வளைஞ்சு நெளிஞ்சு கிடக்கே, அந்த மேல்மாடிதான்னு நானும் நெனச்சேன். கிடையாது! கீழ கம்முனு உக்காந்திருக்கு பாருங்க கல்லுச் சுவர், அதுதான் மூத்தது. மரத்துல இருக்கிற ரெண்டு மாடியும் 15ஆம் நூற்றாண்டுல மேல ஏத்தினது.

கட்டினது யாரு? பக்கத்து ஹின்டன் மடத்துத் துறவிங்க. 1232ல ஆரம்பிச்ச மடம், கார்த்தூசியர்ங்கிற கிறிஸ்தவத் துறவிங்களோடது. பேச்சையே குறைச்சுக்கிட்டு வாழ்ந்தவங்க, ஊர் வம்பு பேசுற இடத்தக் கட்டி வச்சிருக்காங்க! காரணம் கம்பளி. அந்தக் காலத்துல இங்க வருஷா வருஷம் கம்பளிச் சந்தை கூடும். சரக்கு வைக்கணும், வியாபாரிங்க தங்கணும்.

இருங்க, கேமராவ மேல தூக்கறேன். முதல் மாடி கல்லுச் சுவரத் தாண்டி வெளிய துருத்திக்கிட்டு நிக்குதா? அதுக்கு மேல ரெண்டாவது மாடி இன்னும் கொஞ்சம் துருத்துது. இடம் கூடுதலா கெடைக்கும், அது ஒண்ணு. எனக்குப் புடிச்சது இன்னொண்ணு: வெளிய நீட்டுற உத்தரத்தோட நுனியில மேல் சுவரோட பாரம் ஏறுது. நுனி கீழ அமுங்குறதால, உள்ள தரை நடுவுல தொய்யறது குறையும். தராசு மாதிரி!

ஓக் மரத்த ஈரம் காயறதுக்கு முன்னாடியே அறுத்துடுவாங்க, அப்பதான் உளி இறங்கும். துளை போட்டுச் சொருகி, மர ஆணி அடிச்சு இறுக்குறது. அப்புறம் வருஷக்கணக்கா காயக் காய மரம் முறுக்கிக்கும். நாம "ஐயோ சாயுதே"ங்கிறோமே, அந்தக் கோணல் அப்படித்தான் வருது.

1685ல மன்மத் கோமகன், ராஜாவ எதிர்த்துக் கிளம்பின கலகப் படையோட இந்த ஊருக்கு வந்தார். அது பெரிய கதை, இன்னொரு வீடியோல பாக்கலாம்.

இப்ப முற்றத்துக்குப் போறேன். அங்க எண்கோணத்துல ஒரு படிக்கட்டுக் கோபுரம் இருக்கு, மரத்துல செஞ்ச நடைபாதையும் இருக்கு. வாங்க, அந்தப் பக்கம் காத்தும் கம்மி.