சுமைதான், நடுவர் அவர்களே!

நடுவர் அவர்களுக்கும் அவையில் இருக்கும் எல்லோருக்கும் வணக்கம். 'பள்ளியில் படிக்கும் பழைய இலக்கியம் மாணவருக்குச் சுவையா, சுமையா?' இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் சங்கப் பாட்டைத் தேன் என்றார், அமுது என்றார், செய்யுள் பகுதியைத் திறந்தால் நேரம் போவதே தெரியாது என்றார். சரி. போன வாரம் மனப்பாடச் செய்யுள் ஒப்பிக்கும்போது அந்தத் தேனீ என் முதுகுக்குப் பின்னால்தான் ஒளிந்திருந்தது. அதை மட்டும் பதிவு செய்துவிட்டு என் வாதத்துக்கு வருகிறேன்.

முதலில் சிலப்பதிகாரம். வழக்குரை காதையை விவரித்து எழுதச் சொல்லி ஒரு நெடுவினா. நான் நன்றாகத்தான் எழுதினேன். வாயிற்காவலன் வந்தான், கண்ணகி வந்தாள், 'தேரா மன்னா' என்றாள், எல்லாம் சரி. ஒரே ஒரு இடத்தில் கை தடுமாறிவிட்டது. பாண்டிமாதேவியின் சிலம்பில் இருப்பது முத்து, கண்ணகியின் சிலம்பில் இருப்பது மாணிக்கம். நான் மாற்றி எழுதிவிட்டேன். விளைவைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கண்ணகி சிலம்பை உடைக்கிறாள், மாணிக்கம் தெறிக்கிறது, அரசி 'அது என்னுடையதுதான்' என்கிறாள். கண்ணகி வழக்கில் தோற்றுவிட்டாள்! பாண்டியன் அரியணையிலேயே இருக்கிறான். மதுரைக்குத் தீ வைக்க ஆளில்லை. ஒரே வரியில் ஓர் ஊரையே காப்பாற்றியிருக்கிறேன். ஆனால் மதுரைக்கு வைக்க வேண்டிய நெருப்பை எங்கள் ஆசிரியர் சிவப்பு மையில் என் விடைத்தாளில் வைத்துவிட்டார்.

அந்தப் பாண்டியனையும் சொல்ல வேண்டும். தவறு தெரிந்த நொடியில் 'யானோ அரசன் யானே கள்வன்' என்று சொல்லி உயிரை விட்டவன். நான் கூட்டல் பிழை என்று விடைத்தாளை நீட்டினால், 'கொடுத்தது போதும், போய் உட்கார்' என்றுதான் பதில் வருகிறது. உயிரெல்லாம் வேண்டாம், ஒரு மதிப்பெண் போதும்.

அடுத்து ஔவையார். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போகிறார். அவன் தன் ஆயுதங்களைக் காட்டுகிறான். பாட்டி பார்த்துவிட்டுச் சொல்கிறார்: 'உன் ஆயுதமெல்லாம் மயிற்பீலி கட்டி, மாலை போட்டு, நெய் பூசிக் காவலோடு அரண்மனையில் அழகாக இருக்கிறது. அதியமானுடையது பாவம், பகைவரைக் குத்திக் குத்தி முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கிறது.' இதைவிட ஒருவனை எப்படிக் கலாய்ப்பது? இதைப் படித்ததும் கடைசி பெஞ்சில் ஒருவன் வாய்விட்டுச் சிரித்தான். அந்த வகுப்பிலேயே பாட்டு சரியாகப் புரிந்தது அவனுக்குத்தான். அவன் மீதி நேரம் வகுப்புக்கு வெளியே நின்றான். உள்ளே இருந்த நாங்கள் 'வஞ்சப்புகழ்ச்சி' என்று எழுதி அடிக்கோடு போட்டோம்.

இப்போது என் வழக்கின் முக்கியமான சாட்சிக்கு வருகிறேன். அது ஒரு பறவை. குறுந்தொகையில் கபிலர் பாட்டு, ஐந்தே அடி. ஒரு பெண் சொல்கிறாள்: அவன் என்னோடு சேர்ந்த நாளில் அங்கே வேறு யாரும் இல்லை, அந்தக் கள்வன் மட்டும்தான் இருந்தான். அவனே பொய் சொன்னால் நான் என்ன செய்வேன்? அப்புறம், ஏதோ திடீரென்று ஞாபகம் வந்ததுபோல, ஒரு குருகும் இருந்தது என்கிறாள். தினைத்தாள் மாதிரி மெல்லிய பசுங்கால். ஓடுகிற நீரில் ஆரல் மீனையே பார்த்துக்கொண்டிருந்த குருகு. இருந்த ஒரே சாட்சிக்கும் கவனம் மீன் மேல்! எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரம் கழித்துச் சிரிப்பு நின்றுவிட்டது. அவளுக்கு வேறு யாரும் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அந்தப் பாட்டுக்கு வந்த வினா என்ன தெரியுமா? 'ஒழுகுநீர் – இலக்கணக் குறிப்பு தருக.' வினைத்தொகை. எழுதினேன், முழு மதிப்பெண். அவள் கண்ணில் ஒழுகிய நீரைப் பற்றி வினாத்தாளில் ஒரு வரி இல்லை. கபிலர் ஐந்தடியில் முடித்துவிட்டார். எங்கள் குறிப்பேட்டில் அது சொற்பொருள், பகுபத உறுப்பிலக்கணம், ஆசிரியர் குறிப்பு, நூற்குறிப்பு என்று ஐந்து பக்கம். கபிலர் கொடுத்ததைத் தூக்க எனக்கு வலிக்கவில்லை, நடுவர் அவர்களே. அதன் மேல் கட்டிவிட்டதைத்தான் சுமை என்கிறேன்.

எதிரணி இப்போது எழுந்து கேட்கும்: 'இவ்வளவு பாட்டு தெரிந்து வைத்திருக்கிறாயே, அப்புறம் எங்கே சுமை?' நியாயமான கேள்வி. அதற்கும் ஒரு கதை இருக்கிறது. ஒரு நாள் மதிய வகுப்பில் நான் நன்றாகத் தூங்கிவிட்டேன். ஆசிரியர் எழுப்பவில்லை. புத்தகத்தை மூடிவிட்டு மற்றவர்களுக்கு ஒரு கதை சொல்லத் தொடங்கினார். பாதியில் என் காதிலும் விழுந்தது. மோசிகீரனார் என்றொரு புலவர், களைப்பில் சேரன் அரண்மனையில் முரசு வைக்கும் கட்டிலில் படுத்துத் தூங்கிவிட்டாராம். முரசை நீராட்டக் கொண்டுபோயிருந்தார்கள், கட்டிலில் மெத்தென்று பூ பரப்பியிருந்தது, அவருக்கு அது முரசுகட்டில் என்று தெரியவில்லை. அதில் ஏறினால் வாளால் இரண்டு துண்டுதான். சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை வந்தான், பார்த்தான், வெட்டவில்லை. பக்கத்தில் நின்று அவருக்கு விசிறினான். புறநானூற்றில் 50ஆம் பாட்டு. அது எங்கள் பாடத்தில் இல்லை, தேர்வுக்கும் வராது. நானாகத் தேடிப் போய்ப் படித்த முதல் பாட்டு அதுதான். ஒரு சொல்லுக்குக்கூட இலக்கணக் குறிப்பு தெரியாது, பாட்டு மட்டும் அப்படியே நிற்கிறது.

மணி அடித்துவிட்டார்கள், முடிக்கிறேன். ஒரே ஒரு விண்ணப்பம். எதிரணியில் ஓரமாக இருக்கும் நண்பர் ஐந்து நிமிடமாகக் கண்ணைத் திறக்கவில்லை. சுவை என்று அடுத்துப் பேச வேண்டியவர் அவர்தான். எழுப்ப வேண்டாம், நடுவர் அவர்களே. கையில் இருக்கும் அந்தத் தாளால் கொஞ்சம் வீசுங்கள். வணக்கம்.