காருக்கு அடியில் கசியும் உப்பு

நேயர்களுக்கு வணக்கம்.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் உங்கள் வீட்டு உப்பு ஜாடியைப் பார்த்திருப்பீர்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் மேலே பட்டிருக்காது. ஆனாலும் கல் உப்பு கசிந்து, ஜாடியின் அடியில் நீர் கோத்து நிற்கும். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே தண்ணீரை இழுத்துக்கொள்ளும். அதே உப்புதான் பெசன்ட் நகரிலும் திருவான்மியூரிலும் தூத்துக்குடியிலும் வாசலில் நிற்கும் காரின் அடியில் படிந்திருக்கிறது. "மழையில் நனையவே இல்லையே, வண்டியை வெளியில் எடுப்பதே அபூர்வம், பிறகு எப்படித் துருப்பிடித்தது?" என்று கேட்பவர்கள் அந்த ஜாடியை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்று நான் மனதில் வைத்துப் பேசுவது மாருதி 800 போன்ற பழைய சின்னக் கார்களை. 1983 டிசம்பரில் வந்த வண்டி, 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றது. ஆக, கடைசியாக வந்த 800-க்கும் பத்து வயது கடந்துவிட்டது. இந்த வண்டிகளுக்கு லாரி மாதிரித் தனிச் சேசிஸ் கிடையாது. நீங்கள் கால் வைக்கும் தகடும், கதவுக்குக் கீழே ஓடும் ரன்னிங் போர்டும் சேர்ந்துதான் வண்டியைத் தாங்குகின்றன. அந்தத் தகட்டின் தடிமன் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அடியில் துரு என்றால் அழகு கெட்டது என்று மட்டும் நினைக்காதீர்கள், வண்டியின் எலும்பு கரைகிறது.

நான் அழுத்திச் சொல்ல வந்தது ஒன்று. துருவின் மேல் கறுப்புக் கோட்டிங் அடிக்காதீர்கள். பழைய வண்டி வாங்கியவுடன் பலரும் செய்யும் முதல் வேலை, வாட்டர் வாஷ் செய்து, அன்று மாலையே தார் கலந்த அண்டர்கோட்டிங் அடித்துவிடுவது. பார்க்கப் புதிது போல இருக்கும். இரண்டு மழைக்காலம் கழித்து அந்த இடத்தை ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு 'டங்' என்று கேட்கும், கெட்டது 'டொப்' என்று அமுங்கும். கறுப்புத் தோலை நகத்தால் உரித்தால், உள்ளே துரு ஏடு ஏடாக, சில சமயம் ஈரமாகவே வரும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் அடைத்துக்கொள்ளும். அதனால் கோட்டிங்கைத் தள்ளித் தூக்குகிறது, அந்த இடுக்கில் தண்ணீர் ஏறுகிறது, ஏறிய தண்ணீர் காய வழியில்லை. கோட்டிங் துருவுக்கு மூடி ஆகிவிடுகிறது. மறுபடியும் சொல்கிறேன், துருவின் மேல் கோட்டிங் கூடாது.

சரி, எப்படிச் செய்வது? வேலையைச் சித்திரை, வைகாசி வெயிலில் வைத்துக்கொள்ளுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருநாளும் வண்டிக்கு அடியில் போகாதீர்கள். இரண்டு பக்கமும் ஸ்டாண்ட் கொடுத்த பிறகுதான் தலையை நுழைக்க வேண்டும். முதலில் கழுவல். கடலோரத்தில் பல வீடுகளில் போர் தண்ணீர் உப்பு. அதில் கழுவினால், காய்ந்த பிறகு வாளியில் வெள்ளையாகப் படிகிறதே, அதையே வண்டிக்கு அடியிலும் பூசுகிறீர்கள். கடைசி அலசலாவது நல்ல தண்ணீரில் இருக்கட்டும். பிறகு வண்டிக்குள்ளே கால் வைக்கும் மேட்டையும், அதன் கீழே இருக்கும் பஞ்சு விரிப்பையும் எடுத்துவிட்டு, கதவைத் திறந்து போட்டு இரண்டு முழு நாள் வெயிலில் காயவிடுங்கள். பஞ்சைப் பிழிந்தால் தண்ணீர் வருகிறதா? அப்படியானால் வைப்பருக்குக் கீழே உள்ள பள்ளத்தைப் பாருங்கள். வேப்பிலையும் மண்ணும் அடைத்து, மழைத் தண்ணீர் உள்ளே இறங்கிக்கொண்டிருக்கும். தகடு மேலிருந்தும் அரிக்கிறது என்று அர்த்தம்.

காய்ந்த பிறகு கம்பி பிரஷ், அதன்மேல் 80 நம்பர் உப்புத்தாள். கண்ணாடி போடாமல் அடியில் படுத்துத் தேய்க்காதீர்கள். உதிர்வதெல்லாம் உதிரட்டும். ஓட்டை விழுந்தால் நல்லது, இப்போதே தெரிந்தது. அதை எம்-சீலோ பைபரோ வைத்து அடைக்காமல், நல்ல தகடு வரும்வரை வெட்டி, 20 கேஜ் தகடு வைத்து வெல்டிங் செய்யச் சொல்லுங்கள். வெல்டிங்குக்கு முன் பேட்டரியைக் கழற்ற வேண்டும். பெட்ரோல் டேங்க் அருகில் என்றால் டேங்கையும் இறக்க வேண்டும். தேய்த்தும் போகாமல் இறுகிப் பிடித்த துருவுக்கு மட்டும் ரஸ்ட் கன்வெர்ட்டர், அதாவது துருவைக் கெட்டியான கறுப்புப் படலமாக மாற்றும் திரவம். பூசிய இடம் கறுத்து, ஒரு நாள் முழுக்கக் காயட்டும். பிறகு தின்னர் துணியால் துடைத்து, ஹார்டனர் கலக்கும் எபாக்சி பிரைமர் இரண்டு கோட். ரெட் ஆக்சைடு மட்டும் அடித்து நிறுத்தினால் அது ஈரத்தை உறிஞ்சும். தகடும் தகடும் சேரும் ஓரங்களில் சீலண்ட். அதன் பிறகுதான் அண்டர்கோட்டிங். சின்னக் காருக்கு இரண்டு கோட்டுக்கு மூன்று, நான்கு லிட்டர் பிடிக்கும்.

பழைய வண்டிக்குத் தாரைவிட மெழுகு வகைக்கே என் ஓட்டு. தார் நாளாக இறுகி வெடிக்கும். மெழுகு இளகியே இருக்கும், கீறல் விழுந்தாலும் ஊர்ந்து மூடும். ஆனால் வருடா வருடம் தொட்டுப் பூச வேண்டும். பழைய என்ஜின் ஆயில் அடிக்கும் வழக்கம் வேண்டாம். ரப்பர் புஷ் ஊதிக் கெடும், தெருவெல்லாம் சொட்டும்.

அடிக்கக் கூடாத இடங்கள்: சைலன்சர் குழாய், பிரேக் டிரம், டிஸ்க், ஆக்ஸில் மூட்டை மூடும் ரப்பர் உறையான ஆக்ஸில் பூட், ரப்பர் புஷ். இவற்றைச் செய்தித்தாள் சுற்றி மறையுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, தண்ணீர் வடியும் துளைகள். கதவின் அடி விளிம்பிலும் ரன்னிங் போர்டின் அடியிலும் சின்னச் சின்னத் துளைகள் உண்டு. அடிக்கும் முன் அதற்குத் தகுந்த குச்சியைச் செருகி, அடித்ததும் உருவிவிடுங்கள். மாதம் ஒருமுறை தென்னை ஈர்க்குச்சியால் குத்திப் பாருங்கள். கம்பி வேண்டாம், பெயிண்டைச் சுரண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கிய வண்டி என்றால் இந்தத் துளை வழியே இன்னும் வண்டல் உதிரலாம்.

நேரம் முடிகிறது என்று சைகை வருகிறது. ரன்னிங் போர்டின் உட்புறம் பற்றி விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன், சுருக்கிவிடுகிறேன். அங்கே பிரஷ் போகாது. உட்குழிவுக்குள் அடிக்கும் மெழுகான கேவிட்டி வாக்ஸை நீளக் குழாய் பொருத்தியதாக வாங்கி, ரன்னிங் போர்டின் ரப்பர் மூடியைக் கழற்றி, குழாயைக் கடைசிவரை விட்டு, பின்னால் இழுத்துக்கொண்டே அடியுங்கள். இரண்டு நாள் துளை வழியே சொட்டும், அது நல்ல அறிகுறி. தரையில் பழைய சாக்கு விரித்து வையுங்கள். வணக்கம்.