எம்எஸ்எல் வேலையில் முதல் வருடம்: "எதுக்கும்மா வந்தீங்க?"

[திரையில்: மருத்துவமனை ஓ.பி. வராந்தா. வரிசையாக இரும்பு நாற்காலிகள்.]

மதுரையில் ஒரு இதயநோய் மருத்துவரைப் பார்க்க இரண்டே கால் மணி நேரம் காத்திருந்தேன். வேலையில் சேர்ந்து மூன்றாவது வாரம். கடைசி நோயாளி போனபிறகு உள்ளே கூப்பிட்டார். "சொல்லுங்கம்மா, எந்த பிராண்ட்?" என்றார். பிராண்டைப் பற்றிப் பேச வரவில்லை சார் என்றேன். "அப்புறம் எதுக்கும்மா வந்தீங்க?"

கோபம் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

வணக்கம். மெடிக்கல் சயின்ஸ் லயசன், அதாவது எம்எஸ்எல் வேலையில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும், சேரலாமா என்று யோசிப்பவர்களுக்கும் இந்த வீடியோ. அந்த மருத்துவரின் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது. அந்த வருடத்தைத்தான் சொல்லப்போகிறேன்.

[திரையில்: மருந்து நிறுவனத்தின் இரண்டு பிரிவுகள்: விற்பனை, மருத்துவம்.]

முதலில் வேலை என்னவென்று பார்த்துவிடுவோம். 1967-ல் அமெரிக்காவின் அப்ஜான் நிறுவனம் தொடங்கிவைத்த பதவி இது. மெடிக்கல் ரெப் விற்பனைப் பிரிவில் இருப்பார், அவருக்கு மாத டார்கெட் உண்டு. எம்எஸ்எல் மருத்துவப் பிரிவைச் சேர்ந்தவர். மருத்துவர்களிடம் ஆய்வு முடிவுகளைப் பேசுவது, அவர்களுடைய கேள்விகளுக்கு ஆதாரத்தோடு பதில் கொண்டுவருவது, மருத்துவர்கள் தங்கள் நோயாளிகளிடம் காண்பதைக் கேட்டு நிறுவனத்துக்குள் சொல்வது. விற்பனை டார்கெட் கிடையாது. எம்பிபிஎஸ், எம்டி, பார்ம்டி, பிஎச்டி படித்தவர்களை எடுக்கிறார்கள். நான் பார்ம்டி.

டார்கெட் இல்லை என்றதும் நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன். முதல் ஆறு மாதம் அதுதான் என்னை வாட்டியது. மருத்துவமனையில் கிளினிக்கல் பார்மசிஸ்டாக இருந்தபோது ரவுண்ட்ஸ் போவேன், ஒரு டோஸ் தவறைப் பிடிப்பேன், அன்றே திருத்துவார்கள். மாலையில் வீட்டுக்குப் போகும்போது என்ன செய்தேன் என்று தெரியும். இங்கே திருச்சிக்குப் போகிறீர்கள், இரண்டு அப்பாயின்ட்மென்ட்டும் ரத்தாகின்றன, திரும்பி வருகிறீர்கள். அந்த நாளை எந்தக் கணக்கில் எழுதுவது? புதிதாக வருபவர்கள் பலர் இந்தக் கட்டத்தில்தான், நமக்கு இந்த வேலை ஒத்துவராது என்று முடிவுகட்டுகிறார்கள். அவசரப்படாதீர்கள். ஒரு மருத்துவர் உங்களை நம்புவதற்கு நான்கு, ஐந்து சந்திப்புகளாவது ஆகும். அதற்கு முன்னால் எந்த வேலையும் நடக்காததுபோலத்தான் தெரியும்.

[திரையில்: 21.2% | 16.3%]

இப்போது படிப்பு. நான் பார்த்துக்கொண்டிருந்த மருந்து டாபாக்லிஃப்ளோசின். சர்க்கரை நோய்க்கு வந்த மாத்திரை, பிறகு இதயச் செயலிழப்புக்கும் உதவுகிறது என்று தெரிந்தது. இந்தியாவில் 2020-ல் ஒரு பேடன்ட் முடிந்து ஏராளமான பிராண்டுகள் வந்துவிட்டன. மதுரை மருத்துவர் எடுத்த எடுப்பில் பிராண்டைக் கேட்டதற்குக் காரணம் அதுதான்.

இதயச் செயலிழப்பில் இதற்கு முக்கியமான ஆய்வு 2019-ல் வந்த டாபா-ஹெச்எஃப். 4,744 நோயாளிகள். நான் அதை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். "ஆபத்து 26 சதவீதம் குறைகிறது சார்" என்று ஆரம்பிப்பேன். மருத்துவர்கள் தலையாட்டுவார்கள், கண் போனில் இருக்கும். ஏனென்றால் அந்த 26-ஐ எல்லா ரெப்பும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

ஒரு நாள் இன்னொரு மருத்துவரிடம் வேறு மாதிரி சொல்லிப் பார்த்தேன். மாத்திரை எடுக்காதவர்களில் 21.2 சதவீதம் பேருக்கு நிலைமை மோசமானது அல்லது இதயக் கோளாறால் மரணம் நேர்ந்தது, எடுத்தவர்களில் 16.3 சதவீதம். வித்தியாசம் ஐந்துக்குக் கொஞ்சம் குறைவு. அப்படியென்றால் சுமார் ஒன்றரை வருடம் 21 பேருக்குக் கொடுத்தால் ஒருவருக்கு அந்த நிலை வராமல் தடுக்கலாம். அந்த மருத்துவர் போனைக் கீழே வைத்தார். "இதுல சர்க்கரை இல்லாதவங்க எத்தனை பேர்?" என்று கேட்டார். பாதிக்கும் மேல், சார். அங்கிருந்து பேச்சு இருபது நிமிடம் போனது. சதவீதத்தின் சதவீதத்தை விட்டுவிட்டு ஆள் கணக்கில் பேசுங்கள். அவர் தன் ஓ.பி.யில் உட்கார்ந்திருக்கும் நோயாளியை அதில் பொருத்திப் பார்ப்பார்.

[திரையில்: காலியான தாள், பேனா.]

இனி நான் செய்த தவறு. மதுரை மருத்துவரை மறுபடி பார்த்தபோது அவரே கேட்டார்: ஆபரேஷனுக்கு எத்தனை நாள் முன்னால் இந்த மாத்திரையை நிறுத்தணும்? எங்கோ படித்த ஞாபகத்தில் "இரண்டு நாள்" என்றேன். இரவு லாட்ஜில் தேடிப் பார்த்தேன். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2020-ல் லேபிளில் சேர்த்தது குறைந்தது மூன்று நாள். இந்த வகை மாத்திரையோடு பட்டினி சேர்ந்தால் ரத்தத்தில் கீட்டோ அமிலம் ஏறலாம். சர்க்கரை அளவு அப்படியொன்றும் அதிகமாக இருக்காது என்பதால் கண்டுபிடிக்கவும் தாமதமாகும். ஒரு நாள் வித்தியாசம் சின்ன விஷயம் இல்லை.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. காலை ஏழு மணிக்குப் போன் செய்து, சார், நேற்று தவறாகச் சொல்லிவிட்டேன் என்றேன். எங்கள் மருத்துவத் தகவல் பிரிவு மூலம் எழுத்திலும் பதில் அனுப்பினேன். "சரிம்மா" என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து, தெரியாத கேள்வி வந்தால் "பார்த்துச் சொல்கிறேன் சார்" என்பேன், சொன்ன நாளுக்குள் சொல்லிவிடுவேன். இந்த வேலையில் ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

எல்லைகள் இரண்டைத் தெரிந்துகொள்ளுங்கள். உங்களோடு வரும் ரெப், "மேடம், அந்த இன்டிகேஷனையும் சேர்த்துச் சொல்லிடுங்க" என்பார். இன்டிகேஷன் என்றால் மருந்தை எந்த நோய்க்குக் கொடுக்கலாம் என்பது. நல்ல மனிதராகத்தான் இருப்பார், அவருக்கு மாதக் கடைசி. ஆனால் அனுமதி பெறாத பயன்பாட்டை நீங்களாக எடுத்துப் பேசக் கூடாது. மருத்துவர் தானாகக் கேட்டால், கேட்டதற்கு மட்டும் ஆதாரத்தோடு பதில். அந்த நேரத்தில் ரெப் வெளியே இருப்பது நல்லது. மத்திய அரசு 2024 மார்ச்சில் கொண்டுவந்த யுசிபிஎம்பி, அதாவது மருந்து நிறுவனங்களின் சந்தைப்படுத்தலுக்கான விதிமுறையை ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள். மருத்துவருக்குப் பரிசு கூடாது என்பதும் அதில் இருக்கிறது.

இன்னொன்று பக்கவிளைவு. பேச்சுவாக்கில் "ஒரு பேஷண்டுக்கு இப்படி ஆச்சு" என்று மருத்துவர் சொன்னாலும் அது ரிப்போர்ட். நோயாளி, சொன்னவர், மருந்து, நடந்தது: இந்த நான்கும் கிடைத்தால் உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும், பெரும்பாலும் ஒரே வேலைநாளுக்குள். தேசிய அளவில் இதற்கான மையம் காசியாபாத்தில் இருக்கிறது. 1800-180-3024 என்ற இலவச எண்ணில் நோயாளியே கூடச் சொல்லலாம்.

[திரையில்: இரவு. மேசையில் ஒலிக்கும் போன்.]

பதினோராவது மாதம், இரவு ஒன்பதரை மணி. மதுரை மருத்துவர் அவராகவே கூப்பிட்டார். சர்க்கரை 180 தான், ஆனால் கீட்டோ அமிலம் ஏறி ஐசியூவில் இருந்த ஒரு அம்மா. இரண்டு நாள் விரதம் இருந்திருக்கிறார், மாத்திரையை நிறுத்தவில்லை. இப்போது தேறி வார்டுக்கு வந்துவிட்டாராம். "நீங்கதான் அன்னிக்குக் காலையில கூப்பிட்டுத் திருத்திச் சொன்னீங்க, அதனால உடனே கீட்டோன் பார்க்கணும்னு தோணுச்சு. எழுதிக்கோங்கம்மா" என்றார்.

வயது, மாத்திரை தொடங்கிய தேதி, டோஸ், விரதம் இருந்த நாட்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். எழுதிக்கொண்டேன். பத்தரை மணிக்கு ரிப்போர்ட்டை அனுப்பினேன்.