மைனஸும் மைனஸும் பெருக்கினால் ப்ளஸ் ஏன்?

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

"மைனஸ் இன்ட்டு மைனஸ் ப்ளஸ்" என்பது எல்லோருக்கும் மனப்பாடம். ஏன் என்று கேட்டால், "அது விதி" என்பதோடு பேச்சை முடித்துவிடுகிறோம். அது கணக்குக்கு இழைக்கும் அநீதி. யாரும் விரும்பி வைத்த விதியல்ல இது; வேறு விடை வர வழியே இல்லை.

98 × 97 என்ற பெருக்கலை எடுத்துக்கொள்வோம். 98 என்பது 100 − 2. 97 என்பது 100 − 3. பிரித்துப் பெருக்கினால் நான்கு துண்டுகள்: 10,000, −300, −200, கடைசியாக (−2) × (−3). முதல் மூன்றின் கூட்டுத்தொகை 9,500. வழக்கம்போல் நேராகப் பெருக்கிப் பாருங்கள், 9,506 வரும். அப்படியானால் கடைசித் துண்டு +6 ஆகத்தான் இருந்தாக வேண்டும்.

ஒரு கணக்கில் சரிவந்தால் போதுமா என்று கேட்பீர்கள். போதாது. எந்த எண்ணைப் பூஜ்யத்தால் பெருக்கினாலும் பூஜ்யம்; எனவே (−3) × 0 = 0. அந்தப் பூஜ்யத்தை 4 + (−4) என்று எழுதுங்கள். பங்கீட்டுப் பண்பின்படி, அதாவது கூட்டுத்தொகையைப் பெருக்குவதும் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியே பெருக்கிக் கூட்டுவதும் ஒன்றே என்பதன்படி, (−3) × 4 + (−3) × (−4) = 0. முதல் பகுதி, −3 நான்கு முறை, அதாவது −12. அதோடு எதைக் கூட்டினால் பூஜ்யம் வரும்? 12 மட்டுமே. 3, 4 இருக்கும் இடத்தில் எந்த எண்களை வைத்தாலும் இதே வாதம் நிற்கும்.

இங்கே அச்சாணி பங்கீட்டுப் பண்புதான். (−3) × (−4)-இன் விடை −12 என்று பிடிவாதம் பிடித்தால் அந்தப் பண்பைக் கைவிட வேண்டும். 23 × 14 என்று அடுக்கிப் பெருக்குகிறோமே, அந்த முறையும் அதோடு போய்விடும்.

இந்தியக் கணித அறிஞர் பிரம்மகுப்தர் கி.பி. 628-இலேயே, மிகை எண்ணைச் செல்வம் என்றும் குறை எண்ணைக் கடன் என்றும் சொல்லி, கடனும் கடனும் பெருக்கினால் செல்வம் என்று எழுதிவிட்டார். கூட்டலுக்குக் கடன் உவமை அருமையாகப் பொருந்தும். ஆனால் கடனைக் கடனால் பெருக்குவது என்றால் என்ன? அந்த இடத்தில் உவமையை விட்டுவிட்டு, மேலே சொன்ன வாதத்தைப் பிடித்துக்கொள்வதே நல்லது.

காரணம் தெரியாத மனப்பாடம் எங்கே சறுக்குகிறது? பெருக்கலின் விதியைக் கூட்டலுக்கு இழுத்து, −3 − 4 = 7 என்று எழுதுகிறார்கள்; விடை −7. அடுத்தது, −3². இங்கே அடுக்கு 3-க்கு மட்டுமே, விடை −9. (−3)² என்றால்தான் 9.

இவற்றைவிட அதிகம் காண்பது 10 − 2(x − 5). அடைப்பை நீக்கும்போது −2, −5 இரண்டும் பெருகி +10 ஆகும். ஆக 20 − 2x. அந்த +10-ஐ −10 என்று எழுதியவருக்கு −2x மட்டுமே மிஞ்சும். ஐயம் வந்தால் x-க்கு 5 கொடுத்துப் பாருங்கள்: மூலக்கோவை 10, 20 − 2x-உம் 10, தவறான விடையோ −10.